நெத்திலியைப் பார்த்து வந்தவருக்கு எந்தப் பக்கம்?

தங்கச்சிமடத்தில் மீன் காயவைத்து விற்கும் கருவாட்டு வாடி வைத்திருக்கும் என் சித்திக்கு முதலில் நான் செய்து கொடுத்தது முழு வலைத்தளம். முகப்பில் பாம்பன் பாலம் பெரிதாக நிற்கும். சில நொடிக்கு ஒருமுறை படம் மாறும். மேலே ‘எங்களைப் பற்றி’, ‘பொருட்கள்’, ‘தொடர்புக்கு’ என்று வரிசை. நெத்திலி வலைமேல் காய்வதை எடுத்துப் போட்ட ஒரு ரீல்ஸ் நன்றாக ஓடியது. அதைப் பார்த்து வந்தவர்கள் அந்த முகப்பில் இறங்கி, அப்படியே திரும்பிப் போனார்கள். சித்தி ஒரே கேள்விதான் கேட்டார்: “ஏப்பா, நெத்தலியப் பாத்துட்டு வந்தவுகளுக்கு நீ எதுக்குப் பாலத்தைக் காட்டுற?”

அதற்குப் பிறகு மூன்று வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன்: முழுத் தளத்தின் முகப்பு, லிங்க்குகளை அடுக்கிய பட்டியல் பக்கம், ஒரே பொருளுக்கான தனிப் பக்கம். சமூக ஊடகத்திலிருந்து வருபவருக்குத் தனிப் பக்கம்தான் என்பது என் கட்சி. அதற்கும் ஒரு விலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

பட்டியல் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இன்ஸ்டாகிராம் பதிவின் வாசகத்தில் லிங்க் போட்டால் தொட முடியாது. சுயவிவரத்திலும் ஒரே லிங்க்தான் என்ற காலத்தில், இப்படிப் பட்டியல் பக்கம் செய்து தரும், 2016-ல் தொடங்கிய லிங்க்ட்ரீ போன்ற சேவைகள் பெரிய உதவி. 2023 ஏப்ரலிலிருந்து சுயவிவரத்திலேயே ஐந்து லிங்க் வைக்கலாம். பிறகு எதற்கு நடுவில் இன்னொரு வாசல்? கீழக்கரையில் தொதல், ஓலைக் கொட்டான், குண்டு மிளகாய் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருட்களை விற்கும் தோழி ஒருவர் இதைத்தான் வைத்திருக்கிறார். அவருக்குச் சரி. ஒரு பொருளைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவரை முச்சந்தியில் நிறுத்தி வழி கேட்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முகப்புக்கும் தனிப் பக்கத்துக்கும்தான் உண்மையான போட்டி.

பெயரைத் தேடி வருபவருக்கு முகப்பு. மொத்தமாக வாங்கும் வியாபாரி, வாடி எங்கே இருக்கிறது, எத்தனை ரகம் காய்கிறது, பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு எண் உண்டா என்று நிதானமாகப் பார்ப்பார். ரீல்ஸிலிருந்து வருபவர் அப்படி இல்லை. பேருந்திலோ அடுப்படியிலோ விரலால் தள்ளிக்கொண்டிருந்தவர், ஒரு படத்தில் நின்று, தொட்டு வந்திருக்கிறார். அவர் கண்ணில் இன்னும் அந்த நெத்திலி இருக்கிறது. பக்கம் திறந்ததும் அதே நெத்திலி, அதே வெயில், அதே வலை தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்தோம் என்று நிற்பார். அதனால் ரீல்ஸில் வந்த காட்சியையே பக்கத்தின் முதல் படமாக வைக்கிறேன். அதன் கீழே, விரலை நகர்த்தாமலே தெரியும்படி, எடை, விலை, எத்தனை நாளில் வரும், ஒரு பொத்தான். ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ என்று எழுதும் பழக்கத்தை நம் கடைக்காரர்கள் விட வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். விலையைச் சொல்லத் தயங்கும் கடையில் யாரும் நிற்பதில்லை.

பொத்தானில்தான் நான் அதிகம் அடிபட்டேன். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் லிங்க்கைத் தொட்டால் அது போனில் வழக்கமாகத் திறக்கும் குரோமில் திறப்பதில்லை. அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும் சின்ன உலாவியில் திறக்கிறது. வாடிக்கையாளர் குரோமில் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பது அங்கே செல்லாது. அத்தகைய உட்பொதிந்த உலாவியில் கூகுள் கணக்கு வழியாக உள்நுழைவதைக் கூகுளே தடுக்கிறது. யூபிஐ செயலியைத் திறக்கும் லிங்க்கும் பல நேரம் அசையாமல் நிற்கும். என் முழுத் தளத்தில் கணக்குத் தொடங்கு, கூடையில் போடு, பணம் கட்டு என்று மூன்று படி வைத்திருந்தேன். மூன்றிலும் ஆட்கள் உதிர்ந்தார்கள். தனிப் பக்கத்தில் ஒரே வாட்ஸ்அப் பொத்தான். தொட்டால் ‘நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ வேண்டும்’ என்ற செய்தி தயாராக நிற்கும், அனுப்பினால் போதும். மீதியைச் சித்தி பேசிக்கொள்வார், அவரைவிட நன்றாக எந்தக் கூடையும் விற்றதில்லை.

வேகத்திலும் தனிப் பக்கமே மேல். பக்கம் திறக்க மூன்று நொடிக்கு மேல் பிடித்தால் கைபேசி வருகைகளில் 53 சதவீதம் கைவிடப்படுகிறது என்று கூகுள் 2016-ல் சொன்னது. பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது இன்று அதன் அளவுகோல். நகரும் படங்களைச் சுமந்த முகப்பு அதில் எப்படித் தேறும்? போனில் எடுத்த நாலைந்து எம்பி படத்தை அகலம் குறைத்து, வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றினால் நூறு, நூற்றைம்பது கேபிக்குள் அடங்கும். நான் வீட்டு வைஃபையில் சோதிப்பதே இல்லை. ராமேஸ்வரம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சிக்னல் ஏறி இறங்கும்போது திறந்து பார்க்கிறேன்.

வாட்ஸ்அப்பில் லிங்க் பகிர்ந்தால் படமும் தலைப்புமாக வரும் அட்டையை இரண்டு பக்கங்களுக்கும் கவனிக்க வேண்டும். அட்டையில் எந்தப் படம், எந்தத் தலைப்பு என்று பக்கத்துக்குள் எழுதி வைக்கும் ஓப்பன் கிராஃப் குறிப்புகளை 2010-ல் ஃபேஸ்புக் கொண்டுவந்தது, வாட்ஸ்அப்பும் அதையே படிக்கிறது. 1200-க்கு 630 என்ற அளவில் கிடைமட்டப் படம் வேண்டும். ரீல்ஸின் நெட்டைப் படத்தை அப்படியே கொடுத்தால் நெத்திலி போய் வானம்தான் மிஞ்சும். முகப்பின் அட்டை கடைப் பெயரைச் சொல்லும், தனிப் பக்கத்தின் அட்டை பொருளையும் விலையையும் சொல்லும். குடும்பக் குழுவில் ஒரு அக்கா இன்னொரு அக்காவுக்கு அனுப்புவது இரண்டாவதைத்தான். ஒன்று சொல்ல வேண்டும்: வாட்ஸ்அப்பில் வருபவர்கள் தளத்தின் வருகைக் கணக்கில் பெரும்பாலும் ‘நேரடி’ என்றே விழுவார்கள், ஆகவே அங்கே பகிரும் லிங்க்கின் வாலில், எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யூடிஎம் அடையாளம் சேர்த்துவிடுங்கள்.

இனி அந்த விலக்கு. மண்டபத்தில் கடலோரம் தங்கும் அறை விடும் ஒருவருக்கும் தனிப் பக்கமே செய்தேன், எடுபடவில்லை. கருவாட்டை ஆசையில் வாங்கிவிடுவார்கள். அறையை அப்படி எடுப்பதில்லை. குளியலறை எப்படி, அரிச்சல்முனைக்கு எவ்வளவு தூரம், வயதானவர் படியேற முடியுமா என்று கணவனும் மனைவியும் இரண்டு நாள் பேசுவார்கள். அவருக்கு முழுத் தளம்தான் கட்டினேன். ஆனால் ரீல்ஸின் லிங்க் முகப்புக்குப் போகாது, அதில் காட்டிய அறையின் உள்பக்கத்துக்கே போகும்.

தனிப் பக்கத்தின் பலவீனம் சரக்கு தீரும் நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் மீன். அந்த நாட்களில் சில ரகங்கள் வாடியில் இருக்காது. முதல் வருடம் அந்தப் பக்கங்களை அழித்துவிட்டேன். பழைய ரீல்ஸும் பார்வர்டும் ஓடிக்கொண்டே இருந்தன, தொட்டவர்களுக்கெல்லாம் பிழைப் பக்கம். இப்போது முகவரியை மாற்றுவதே இல்லை. விலை இருந்த இடத்தில் ‘தடைக்காலம், ஜூன் கடைசியில் வரும்’ என்று எழுதி, பொத்தானை ‘வந்ததும் சொல்லுங்க’ என்று மாற்றுகிறேன். அந்த வரிசையில் வந்த பெயர்களைச் சித்தி நோட்டில் எழுதி வைக்கிறார். விசைப்படகு கரை வந்து முதல் சரக்கு காய்ந்து முடிந்ததும் முதல் போன் அவர்களுக்குத்தான்.