பழைய கேமரா வாங்குகிறவர்கள் ஃபைல் நம்பரை நம்பாதீர்கள்

கோவில்பட்டியில் சின்ன அளவில் போட்டோ தொழில் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்றாவது மாதமே ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் படம் என் கையை விட்டுப் போனது. மதுரையில் ஒரு கடையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கேமராதான் காரணம். கடை பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதே வித்தை எந்த ஊரிலும் நடக்கலாம்.

அதற்கு முன் ஆறு வருடம் ஒரு ஸ்டுடியோவில் இருந்தேன். லைட் பிடிப்பதில் தொடங்கி ஆல்பம் டிசைன் வரை கற்றுக்கொடுத்தவர் ஓனர் அண்ணாச்சி. தனியாகப் போகிறேன் என்று அவரிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, கேமரா வாங்கும் விஷயத்தையும் மறைத்தேன். அந்த ஒரு கூச்சம் எனக்கு நிறைய செலவு வைத்தது.

அம்மாவின் இரண்டு வளையல்களை அடகு வைத்து 62,000 ரூபாய் புரட்டினேன். கேனான் 5டி மார்க் 3 என்பது என் கணக்கு. 2012-ல் வந்த மாடல்தான், ஆனாலும் ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார், இரண்டு மெமரி கார்டு போடலாம். ஒரு கார்டு போய்விட்டால்கூட இன்னொன்றில் படம் இருக்கும். கல்யாண வேலைக்கு அந்த நிம்மதி வேண்டும்.

கடைக்காரர் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த கேமராவை எடுத்துக் கொடுத்தார். பிடிக்கும் இடத்து ரப்பர் புத்தம் புதுசு. “ஒரு டாக்டர் வச்சிருந்தது தம்பி. டூர் போனா மட்டும் எடுப்பார்” என்றார். எத்தனை கிளிக் ஓடியிருக்கும் என்று கேட்டேன். என் கண் முன்னாலேயே ஒரு படம் எடுத்து, திரையில் ஃபைல் நம்பரைக் காட்டினார். 3412. “பாருங்க, இவ்வளவுதான்.” சரி என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

அந்த நம்பருக்கும் கேமரா ஓடிய ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஃபைல் நம்பர் 9999 வரை போய்விட்டுத் திரும்ப 0001-க்கு வந்துவிடும். மெனுவில் போய் எப்போது வேண்டுமானாலும் ஒன்றிலிருந்து தொடங்க வைக்கலாம். பைக்கில் ட்ரிப் மீட்டரைத் திருப்பி வைப்போமே, அது மாதிரிதான். படம் எடுக்கும்போது திறந்து மூடும் திரைதான் ஷட்டர். அது இதுவரை எத்தனை கிளிக் ஓடியது என்ற உண்மையான கணக்கு, ஷட்டர் கவுண்ட், கேமராவுக்குள்ளே தனியாகப் பதிவாகிறது. இந்த மாடலில் கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் அதற்கான மென்பொருளை வைத்துத்தான் அதைப் பார்க்க முடியும், அல்லது சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டும். இந்த மாடலின் ஷட்டர் 1,50,000 கிளிக் வரை தாங்கும் என்பது கம்பெனி சொல்லும் அளவு. அதைத் தாண்டியும் ஓடலாம், ஆனால் எந்த நிமிடமும் நின்றுபோகலாம்.

எனக்கு அந்த நிமிடம் முகூர்த்தத்தில் வந்தது. கெட்டிமேளம் என்று ஐயர் குரல் கொடுக்க, அட்சதை பறக்கிறது. மாப்பிள்ளை கை பெண்ணின் கழுத்துக்குப் போகிறது. அழுத்தினேன். ‘டக்’ என்று ஒரே சத்தம், வியூஃபைண்டர் இருட்டாகிவிட்டது. திரையில் எரர் 20, அதாவது உள்ளே இயந்திரக் கோளாறு. ஆஃப் செய்து பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். மறுபடியும் அதே எரர் 20. நான் நிமிர்ந்தபோது நாத்தனார் கடைசி முடிச்சையும் போட்டுவிட்டு நகர்ந்திருந்தார்.

மீதிச் சடங்குகளை வீடியோ எடுத்த நண்பரின் ஸ்பேர் கேமராவில் எடுத்தேன். தாலி கட்டும் படத்தை மட்டும் அவருடைய வீடியோவிலிருந்து பிடுங்கி ஆல்பத்தில் வைத்தோம். ஃபுல் ஹெச்டி வீடியோவின் ஒரு ஃப்ரேம் இரண்டு மெகாபிக்சல்தான் தேறும். அகலமான ஆல்பம் ஷீட்டில் அதைப் பெரிதாக்கினால் முகம் தெளிவில்லாமல் மங்கலாக இருக்கும். பேசிய பணத்தில் பாதியை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அந்தப் பெண் ஆல்பத்தைப் புரட்டியபோது அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பக்கம் போனது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம்தான் அண்ணாச்சியிடம் போனேன். ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேமராவை வாங்கி மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடத்தைக் காட்டினார். கறுப்புப் பெயின்ட் முழுக்கத் தேய்ந்து வெள்ளி நிறத்தில் தகடு தெரிந்தது. “டூர் போற டாக்டர் இவ்வளவு தடவை ஃப்ளாஷ் மாட்டுவாராடே? ரப்பரை மாத்தி ஒட்டலாம், இதை யாரும் மாத்தமாட்டான். இது கல்யாணத்துல அடிபட்ட கேமரா” என்றார். கடையில் அந்தத் தேய்மானத்தை நானும் பார்த்திருந்தேன். அதற்கு அர்த்தம் இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை. சர்வீஸ் சென்டரில் எண்ணிக்கை 3,10,000-ஐத் தாண்டியிருப்பதாகச் சொன்னார்கள். ஷட்டர் மாற்ற 18,000 ரூபாய் ஆனது.

கடைக்காரரிடம் போனால், செகண்ட்ஸ் பொருளுக்கு கேரண்டி கிடையாது என்று முடித்துக்கொண்டார். பில்லைக் காட்டினேன். ஒரு துண்டுச் சீட்டில் ‘கேமரா 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. கேமராவின் அடியில் இருக்கும் சீரியல் நம்பர் பில்லில் இல்லை. “இது எங்க கடைல வாங்கினதுதான்னு எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நல்ல வேளை, பேரம் பேசும்போது அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் ஒன்றில் அந்த நம்பர் தெளிவாக விழுந்திருந்தது.

தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் வழக்கு போட முடியாது என்று சிலர் பயமுறுத்தினார்கள். அது சரியில்லை. சுயதொழில் செய்து பிழைக்கத் தானே பயன்படுத்த வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், அதனால் நான் மதுரைக்கு அலையாமல் எங்கள் மாவட்டமான தூத்துக்குடியில் போட்டேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். வழக்கு இன்னும் நடக்கிறது.

போன மாதம் ஸ்பேருக்காக வேறு ஒரு கடையில் இன்னொரு பழைய கேமரா வாங்கினேன். இந்தத் தடவை அண்ணாச்சி கூட வந்தார். நான் லேப்டாப்பைத் திறந்ததுமே அந்தக் கடைக்காரர் கேபிளை எடுத்து வைத்தார். 41,000 சொச்சம் கிளிக் என்று காட்டியது. பில்லில் சீரியல் நம்பரையும் அந்த எண்ணிக்கையையும் எழுதச் சொன்னோம், தயங்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.