மாஞ்சோலை, தட்டேக்காடு, சிங்கராஜா: மழைக்காட்டில் பறவை பார்க்க எங்கே போகலாம்?

பொங்கல் முடிந்து, மாசி வெயில் உறைக்கத் தொடங்குவதற்குள் கிடைக்கும் ஆறேழு வாரங்கள்தாம் நம் பக்கத்து மழைக்காடுகளில் பறவை பார்க்க மிகவும் உகந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். வலசை வந்த பறவைகள் இன்னும் வடக்கே திரும்பியிருக்கமாட்டா. உள்ளூர்ப் பறவைகள் பல கூடு கட்டும் பருவத்தை நெருங்குவதால் விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் மார்கழியிலேயே என்னிடம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். விடுப்பு நான்கு நாள், கூடிப்போனால் ஒரு வாரம். நல்ல வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்க வேண்டும். மாஞ்சோலைக்குப் போவதா, கேரளத்துத் தட்டேக்காட்டுக்குப் போவதா, கொஞ்சம் பணம் சேர்த்து இலங்கையின் சிங்கராஜாவுக்கே போய்விடுவதா என்பதே கேள்வி. மூன்றுக்கும் போய்வந்தவன் என்ற முறையில் என் கணிப்பை எழுதுகிறேன். காட்டையும் வழிகாட்டியையும் தனித்தனியாக எடைபோட வேண்டும் என்பதே இதில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. சிறந்த காடு ஓரிடத்திலும் சிறந்த வழிகாட்டல் வேறோரிடத்திலும் இருக்கின்றன.

காட்டைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. நம் மலைதான் முதலிடம். மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வனத்துறை அனுமதியைக் காட்டிவிட்டு ஏறினால், முதலில் முட்புதரும் இலையுதிர் காடும் வரும். பிறகு மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைச் சரிவுகளும் அவற்றைச் சூழ்ந்த பசுமைமாறாக் காடும் வரும். 1988இல் களக்காடு, முண்டந்துறை ஆகிய இரு சரணாலயங்களையும் இணைத்து உருவாக்கப்பட்ட, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் இது. ஆனால் பறவை பார்ப்பவருக்கு இந்த மலையின் அருமை வேறொன்றில் இருக்கிறது. நாம் ரயிலில் புனலூருக்குப் போகும்போது ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும் செங்கோட்டைக் கணவாய், உயரத்துச் சோலையை விட்டுக் கீழே இறங்காத சிறு பறவைகளுக்குக் கடலைப் போன்றது. கணவாய்க்குத் தெற்கே தங்கிவிட்ட கூட்டங்கள் வடக்கே உள்ளவற்றோடு கலக்காமல் நெடுங்காலம் தனித்தே வளர்ந்திருக்கின்றன. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரபணு, குரல், உடலமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு, இங்குள்ள சோலைப் பறவை ஒன்றுக்கு அசம்பு மலையின் பெயரையே சூட்டித் தனி இனமாக அறிவித்தது. சில பறவைப் பட்டியல்கள் அதைத் தனி இனமாக ஏற்கவில்லை. ஆனால் இங்குள்ள மற்றொரு பறவையான அசம்பு சிரிப்பானைப் பற்றி அத்தகைய ஐயம் குறைவு. அகத்தியமலையைச் சூழ்ந்த இந்தத் தென்கோடி மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

அதை நான் முதன்முதலில் பார்த்தது குதிரைவெட்டியில், விடிந்து அரைமணி நேரம்கூட ஆகாத பொழுதில். உடன் வந்தவர் நாலுமுக்கில் பிறந்தவர். அவருடைய பாட்டி காலத்தில் தேயிலை பறிக்க மலையேறிய குடும்பம். சிரிப்பானின் குரல் கேட்டதும் நான் அந்தத் திசையில் நடக்கப் பார்த்தேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தி, “அங்க போகாதீங்க அண்ணாச்சி, பழம் இருக்கிற புதரப் பாத்துக்கிட்டு நில்லுங்க, அதுவா வரும்” என்றார். இருபது நிமிடம் நின்றோம். புதருக்குள் முதலில் ஒரு கிளை அசைந்தது. பிறகு குட்டையான வெண்புருவமும் சாம்பல் நெஞ்சும் தெரிந்தன. ஒரு பழத்தைக் கவ்வித் தலையை மேலே தூக்கி விழுங்கிவிட்டு, அது எங்களை ஒருமுறை பார்த்தது. அதன் பின்னால் மேலும் நான்கு வந்தன. ஐந்தும் எங்கள் கண்முன்னே பழம் தின்று முடித்துவிட்டுத்தான் போயின.

இவ்வளவு தெரிந்த மனிதர்கள் இப்போது மலையை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் மாஞ்சோலையின் பெருங்குறை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டைத் தோட்ட நிறுவனம் ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. அது 2028இல் முடிய இருந்த நிலையில், 2024இல் விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் கீழே வரத் தொடங்கின. தேயிலை நின்ற இடத்தில் காடு மீளும் என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் எந்த மரத்தில் எந்த மாதம் இருவாச்சி வரும் என்று அறிந்தவர்கள் சமவெளியில் கூலி வேலை தேடுவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. நான் பார்த்தவரையில், இவர்களையோ காணிப் பழங்குடி மக்களையோ முறையாகப் பயிற்றுவித்து, வருகிறவர்களோடு அனுப்பிவைக்கும் நிலையான ஏற்பாடு இங்கே இல்லை. தெரிந்தவர் மூலம் தெரிந்தவரைப் பிடித்துத்தான் போக வேண்டும். அனுமதியும் மழை, காட்டுத்தீ ஆகியவற்றைப் பொறுத்து மாறும். விடுப்பு எடுத்துவிட்டுச் சாவடியிலிருந்து திரும்பி வந்தவர்களும் உண்டு.

வழிகாட்டலுக்குத் தட்டேக்காடுதான். கோதமங்கலத்துக்கு அருகே பெரியாற்றங்கரையில் அமைந்த அந்தச் சரணாலயம் வெறும் 25 சதுர கிலோமீட்டர்தான். 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்திய சாலிம் அலி அதன் வளத்தைக் கண்டு வியந்து எழுதியதன் பயனாக, அரை நூற்றாண்டு கழித்து 1983இல் அது சரணாலயமானது. அங்கே பல குடும்பங்கள் தம் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து, காலையும் மாலையும் காட்டுக்கு அழைத்துச் செல்வதையே தொழிலாகக் கொண்டிருக்கின்றன. பேச்சு மலையாளம் என்றாலும் நமக்கு அது தடையில்லை. தாழ்நிலக் காடு என்பதால் நம் மேல்மட்டச் சோலைகளில் எளிதில் அகப்படாத பறவைகள் அங்கே கிடைக்கும். தீக்காக்கை, மலபார் சாம்பல் இருவாச்சி, தவளைவாயன் ஆகியவை அவற்றுள் சில. நம்மூர்த் தோட்டங்களுக்கு ஐப்பசியில் வந்திறங்கி, விடியலிலும் அந்தியிலும் கூவுகிற ஆறுமணிக்குருவியைக்கூட அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

தவளைவாயனைத் தானாகக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். பகல் முழுவதும் ஆணும் பெண்ணும் ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு அசையாமல் அமர்ந்திருக்கும். வழிகாட்டி ஒரு மூங்கில் புதரைக் காட்டி, “அதோ, ரெண்டு காய்ந்த இலை” என்பதுபோல் கைநீட்டினார். இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்த பிறகே அந்த இலைகளில் ஒன்றுக்கு அலகும் அதன் மேல் மீசைபோல் மயிர்க்கற்றையும் இருப்பது தெரிந்தது. இணை எந்தப் புதரில் உறங்குகிறது என்பதை நாள்தோறும் தேடிப் பார்த்து வைத்திருக்கும் ஒருவர் இல்லாமல் இது வாய்க்காது.

ஆயினும் அதே கேரளப் பயணங்களில் ஒன்றில், வேறொரு விடுதி அனுப்பிய ஒருவர் ஒரு சிறு ஆந்தையின் பதிவுசெய்த குரலைக் கைப்பேசியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டதை மறக்க முடியவில்லை. தன் எல்லைக்குள் எதிரி ஒன்று புகுந்துவிட்டதாக நம்பி, அந்த ஆந்தை உறக்கமும் இரையும் விட்டுக் கிளைக்குக் கிளை தாவிக் கத்தியது. சுற்றி நின்றவர்கள் மின்விளக்கு வெளிச்சத்தில் படமெடுத்தார்கள். அங்கே நாள்தோறும் ஆட்கள் வருகிறார்கள். நாள்தோறும் அந்த ஒரே பறவைக்கு அதே தொல்லை. நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பணம் கொடுத்தவர்கள் கண்டிப்பாகப் பார்த்தாக வேண்டும் என்ற நெருக்கடி, சிறிய காட்டில் அதிகம். தட்டேக்காட்டை ரப்பரும் குடியிருப்புகளும் நெருக்கி நிற்கும்போது, பறவைக்கு ஒதுங்கிப் போக இடமும் குறைவு.

சிங்கராஜா இந்த இரண்டிலிருந்தும் முற்றிலும் வேறு. 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அது நிறுத்தப்பட, 1988இல் உலகப் பாரம்பரியக் களமான காடு அது. அங்கே தனித்தனிப் பறவைகளைத் தேடி அலைவதைவிட, கூட்டத்துக்காகக் காத்திருப்பதே முறை. பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டே காட்டைக் கடக்கும் கலப்புக் கூட்டங்களைப் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு பணியாற்றியவர்களும் 1980களிலிருந்து அங்கே ஆய்வு செய்துவருகிறார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பத்துக்கு மேற்பட்ட இனங்களும் நாற்பது பறவைகளும் இருக்கின்றன. செம்மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவிகள் சலசலத்துக்கொண்டு முன்னே செல்ல, கொண்டைக் கரிச்சான் காவல் காக்கும். அந்தக் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலையே போலச் செய்து கூட்டத்தைத் திரட்டுகிறது என்பது ஆய்வில் தெரியவந்தது. ஒரு மணி நேரம் ஒரு சிறகசைவும் இன்றி நின்றிருந்த காடு, திடீரென்று எங்கள் தலைக்குமேல் இரைச்சலாக நிறைந்து, ஏழெட்டு நிமிடத்தில் மறுபடியும் அடங்கிவிட்டது. இடையில் இலங்கை நீல மேக்பை ஒன்று, சிவந்த அலகும் பழுப்புத் தலையும் நீல உடலுமாக, பாசி படிந்த கிளையில் இறங்கிப் புழு ஒன்றை உருவியெடுத்துக்கொண்டு போனது. 2001இல் கண்ணுக்கு அகப்பட்டு 2004இல் அறிவியல் பெயர் பெற்ற செரண்டிப் ஆந்தையும் அந்தக் காட்டினதுதான். அதற்காக நான் இரவில் அலையவில்லை.

சிங்கராஜாவில் வழிகாட்டி இல்லாமல் நுழைய விடமாட்டார்கள். காட்டோரக் கிராமத்தவரே உடன் வருகிறார்கள். கொடுக்கும் கூலி அந்த ஊரிலேயே தங்குகிறது. தொழிலாளர் இறங்கிப் போகும் நம் மலையை நினைத்துக்கொண்டுதான் அங்கே பணம் கட்டினேன். குறை என்னவென்றால் மொழி. சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமுமாகவே விளக்கம் கிடைக்கும். மரத்தின் பெயர், பழத்தின் பெயர் என்று நாம் கேட்க விரும்பும் பாதி விஷயம் விட்டுப்போகும்.

செலவில் மூன்றும் ஏறுவரிசைதான். மாஞ்சோலைக்கு அம்பையிலிருந்து காலையில் கிளம்பிவிடலாம். தட்டேக்காட்டுக்கு ஒரு முழுப் பகல் சாலைப் பயணம். சிங்கராஜாவுக்கு மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து பல மணி நேரச் சாலை, அதற்கு மேல் விசா. அட்டை மூன்றிடத்திலும் உண்டு, சிங்கராஜாவில் அதிகம். நெருக்கமாகப் பின்னிய நீளக் காலுறை போதும். இடையில் செங்கோட்டையைத் தாண்டியவுடன் வரும் தென்மலை, செந்துருணிப் பகுதியையும் சிலர் கேட்பதுண்டு. செங்குறிஞ்சி மரத்தின் பெயரைத் தாங்கிய நல்ல காடு அது. இரண்டே நாள் விடுப்பு உள்ளவர்களுக்குத் தட்டேக்காட்டுக்கு மாற்றாகும்.

ஆகவே, இதுவரை தொலைநோக்கியைக் கையில் எடுத்ததே இல்லாதவர்களை நான் தட்டேக்காட்டுக்கு அனுப்புவேன். குரலைக் கேட்டு இடத்தைக் கணிப்பது, நிழலில் அமர்ந்த பறவையை வடிவத்தால் அறிவது போன்ற அடிப்படைகளை மூன்றே நாளில் அங்கே கற்றுக்கொள்ளலாம். அதற்கும் முன்னால், மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஆண்டுதோறும் நடத்திவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராக ஒரு வாரயிறுதி சேர்ந்து பழகுவது நல்லது. ஓரளவு தேர்ந்தவர்கள், கையில் பணமும் இருந்தால், சிங்கராஜாவைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் மூன்றில் ஒன்றைத்தான் வாழ்நாளில் பார்க்க முடியும் என்றால், அனுமதிக்காக இரண்டு மாதம் அலைய நேர்ந்தாலும், குதிரைவெட்டிக்குப் போங்கள். வெடிப்பலா மரங்கள் நிற்கும் காக்காச்சிக் காட்டின் ஓரத்தில் ஒரு காலைப்பொழுதாவது நில்லுங்கள். மலையை விட்டு இறங்கிய பழைய தொழிலாளி ஒருவரை அனுமதியோடு உடன் அழைத்து, அவருடைய ஒரு நாள் உழைப்புக்குத் தட்டேக்காட்டில் கொடுப்பதைவிடக் குறையாமல் கொடுங்கள்.

எங்கே போவதானாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் வழிகாட்டியிடம் தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். குரல் பதிவை ஒலிக்கவிடுவீர்களா, கூட்டுக்கு எவ்வளவு அருகில் அழைத்துப்போவீர்கள் என்பவை அவை. “எவ்வளவு பக்கம் வேண்டுமானாலும் போகலாம் சார், நல்ல படம் கிடைக்கும்” என்று பதில் வந்தால், அவர் எவ்வளவு பேர் பெற்றவராயினும் வேறு ஆளைத் தேடுங்கள். “பறவை இருக்கிற நிலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்” என்று சொல்பவரோடு நம்பிக் கிளம்பலாம்.