ஆறாம் வகுப்புக்கு எந்த வாசல்? கார்ப்பரேஷன், எய்டட், மெட்ரிக்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஏப்ரல் கடைசி வாரம். வியாசர்பாடியில் எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்கா, சட்னி வாளியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "தம்பி, பையன் அஞ்சாவது முடிச்சிட்டான். கார்ப்பரேஷன் ஸ்கூலா, எய்டடா, இல்ல கடன உடன வாங்கி மெட்ரிக்ல தள்ளிடவா?"

சாயங்காலம் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவன் என்பதால் வருடா வருடம் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். எல்லோரும் முதலில் பார்ப்பது தேர்ச்சி சதவீதத்தை. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2024 பிளஸ் டூ முடிவில் மாநில அளவில் அரசுப் பள்ளிகள் 91.02 சதவீதம், அரசு உதவி பெறும் பள்ளிகள், அதாவது எய்டட், 95.49, மெட்ரிக் உள்ளிட்ட தனியார் 96.70. அதே ஆண்டு பத்தாம் வகுப்பில் அரசு 87.90, உதவி பெறுபவை 91.77, தனியார் 97.43. சமச்சீர் கல்வி வந்த பிறகு மூன்றுக்கும் ஒரே புத்தகம், ஒரே கேள்வித்தாள். அதனால் ஒப்பிடலாம்தான். படிக்கட்டு மாதிரி வரிசையாக ஏறுகிறது, கடன் வாங்கியாவது மேல் படியில் ஏற்றிவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் அதே முடிவுப் பட்டியலில் இன்னொரு வரி உண்டு, அதை யாரும் ஃப்ளெக்ஸில் போடுவதில்லை. பிளஸ் டூவில் பெண்கள் பள்ளிகள் 96.39, ஆண்கள் பள்ளிகள் 86.96. பத்தாம் வகுப்பில் 93.80க்கு 83.17. கழித்துப் பாருங்கள். அரசுக்கும் தனியாருக்கும் உள்ள தூரத்தைவிட ஆண்கள் பள்ளிக்கும் பெண்கள் பள்ளிக்கும் உள்ள தூரம் இரண்டு தேர்விலும் பெரிது. பள்ளியை யார் நடத்துகிறார்கள் என்பதைவிட பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண்ணில் அதிகம் தெரிகிறது.

ஏன் என்று என் டியூஷனிலேயே பார்க்கிறேன். ஒன்பதாவதுக்கு மேல் பையன்களில் பாதிப் பேர் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள். ஆவணி, தை மாத முகூர்த்த நாள்களில் ராத்திரி முழுக்க இலை போட்டு, தண்ணீர் வைத்து, விடிகாலையில் வந்து குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போனால் முதல் பீரியட் தூக்கம்தான். பெண் பிள்ளைகளை அப்படி அனுப்புவதில்லை. அவர்களுக்கு வீட்டு வேலை தனிக் கதை, ஆனாலும் ராத்திரி புத்தகத்தை எடுக்கிறார்கள். பத்தாவதில் கோட்டை விட்டால் அடுத்த பேச்சு கல்யாணம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது மூன்று வாசல்களையும் பார்ப்போம்.

மெட்ரிக்கை வேகமாக முடித்துவிடலாம். ஃபீஸ், வேன், சீருடை, புத்தகம், அதற்கு மேல் "ஆக்டிவிட்டி" என்று ஒரு கணக்கு. இட்லிக்கடை வருமானத்தில் இது ஒரு வருடத்துக் கடன் இல்லை, ஏழு வருடத்துக் கடன். அந்த நூறு சதவீதம் எப்படி வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு பள்ளியில் "பத்தாம் வகுப்பில் 100% தேர்ச்சி" என்று பிள்ளைகளின் முகங்களோடு பேனர் கட்டியிருந்தார்கள். பஸ் வராத நேரத்தில் எண்ணினேன், 38 முகம். முந்தைய வருடம் அங்கே ஒன்பதாவதில் இரண்டு செக்‌ஷன் இருந்தது. மீதிப் பேரில் மூவர் என் டியூஷனில் இருக்கிறார்கள். டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், மூவரும் கார்ப்பரேஷன் பள்ளியில் பத்தாவது சேர்ந்தார்கள். ஃபெயிலானால் எந்தப் பள்ளிக் கணக்கில் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கார்ப்பரேஷன் பள்ளி வாசலில் நிறுத்தி மார்க் கேட்பதில்லை. வீட்டு வேலை செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர், மூட்டை தூக்குபவர், பெயின்டர் ஆகியோரின் பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகப் பத்தாவதைப் பார்க்கிறவர்கள் ஏராளம். கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் எழுத்து கூட்டிக்கொண்டிருப்பார்கள். கூவம் ஓரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ குடும்பத்தோடு மாற்றப்பட்ட பிள்ளை, பழைய பள்ளியை விட மனமில்லாமல் இரண்டு பஸ் மாறி வரும். பிறகு ஒருநாள் வராது. இத்தனையும் சேர்ந்து எழுதும் பரீட்சையில் தேர்ச்சி விகிதம் சில புள்ளிகள் குறைவது எனக்கு ஆச்சரியமில்லை.

குறைகள் உண்டு, மறைக்கவில்லை. பாட ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரம்ப மாதக்கணக்காகும். கழிவறை பள்ளிக்குப் பள்ளி ஒரு தலைவிதி. 'உயர்நிலை' என்று பலகையில் இருந்தால் பத்தோடு கதை முடிந்தது, பதினொன்றாவதுக்கு மறுபடி அலைய வேண்டும்.

எய்டட் பள்ளி நடுவில் நிற்கிறது. மிஷன்காரர்களோ கோயில் அறக்கட்டளையோ தொடங்கியது, பலவற்றுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது. சத்துணவு, இலவசப் புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஒழுங்கு என்று பேர், மைதானம் இருக்கும், பழைய மாணவர் யாராவது ஒருவர் பெரிய ஆளாக இருப்பார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் கண் அதன்மேல்தான். ஒன்றை மட்டும் விசாரிக்காமல் போகக்கூடாது: பல எய்டட் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதி. ஒரே கேட்டுக்குள் ஒரு வராண்டாவில் இலவசம், எதிர் வராண்டாவில் ஃபீஸ் ரசீது.

இந்த மூன்றுக்கும் நடுவே உண்மையில் முடிவை மாற்றும் விஷயம் பேனரில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 2020இல் தமிழ்நாடு அரசு மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வருடம் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டிலேயே 300க்கு மேல். 2021இல் அதே 7.5 சதவீதம் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. பொறியியலில் அப்படிச் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மருத்துவத்துக்கு நீட் என்ற சுவர் அப்படியேதான் நிற்கிறது. அதனால் என் பிள்ளைகளிடம் நான் அதிகம் பேசுவது பொறியியல் பக்கம்.

நிபந்தனைதான் முக்கியம்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கார்ப்பரேஷன் பள்ளி இதில் அடக்கம். எய்டட் அடக்கமில்லை! அதே தெரு, அதே வருமானம், அதே சத்துணவு. ஆனால் பத்து வயதில் எந்த கேட்டுக்குள் நுழைந்தான் என்பதை வைத்துப் பதினேழு வயதில் வரிசை பிரிகிறது. எய்டட் பெற்றோர் இதைச் சொல்லிப் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் என்றுதான் தொடங்கியது, உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களைப் பிறகுதான் சேர்த்தார்கள். 7.5 அப்படி விரியவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த 7.5 நிபந்தனையில் ஒரு விலக்கு உண்டு. எட்டாவது வரை அங்கே படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் தகுதி உண்டு. இது தெரியாமல் ஒன்பதாவதில் கடன் வாங்கி ஃபீஸ் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் தீர்ப்பு சாய்வானதுதான். பெண் பிள்ளை என்றால் கார்ப்பரேஷன் பெண்கள் மேல்நிலைப் பள்ளி, யோசிக்கவே வேண்டாம். பையன் என்றால் இருபாலர் படிக்கும் கார்ப்பரேஷன் மேல்நிலைப் பள்ளி கிட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருபாலர் பள்ளிகள் 2024 பிளஸ் டூவில் 94 சதவீதத்தைத் தாண்டின. ஆண்கள் பள்ளிகள் பலவும் பழைய, ஏழைப் பகுதிகளில் இருப்பதும் அந்த 86க்கு ஒரு காரணமாக இருக்கலாம், அதனால் எண்ணை மட்டும் நம்பி ஓட மாட்டேன். பையன் பொறியியல் பக்கமே போகமாட்டான், கால்பந்துதான் உயிர் என்றால் மைதானம் உள்ள எய்டட் தமிழ்வழி தப்பில்லை.

அக்காவோடு நானும் போனேன். பதினைந்து நிமிட நடை, இருபாலர், பன்னிரண்டு வரை உண்டு. தலைமையாசிரியை உட்காரச் சொன்னார். அக்கா நான் சொல்லிக்கொடுத்தபடியே கேட்டார்: "பயாலஜி குரூப் இருக்குதா மேடம்?" இருந்தது. "வாத்தியாருங்க எல்லாம் இருக்காங்களா?" ஃபிசிக்ஸ் இடம் காலி, தற்காலிகமாக ஒருவரைப் போட்டிருக்கிறோம் என்று மறைக்காமல் சொன்னார். அக்கா என் முகத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"இவன் ஃபிசிக்ஸ் படிக்க இன்னும் அஞ்சு வருசம் இருக்குது. அதுக்குள்ள வந்துட மாட்டாரா?" என்று சொல்லிவிட்டு, விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்து என்று கேட்டார்.