எண்டர் 3 வி2: ஃபர்ம்வேர் ஏற்றியதும் திரை இருண்டால் எஸ்டி கார்டா, எஸ்டி-லிங்க்கா, புதுப் போர்டா?

கிரியாலிட்டி எண்டர் 3 வி2 என்ற 3டி பிரிண்டரில் புது ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் உள்மென்பொருள்) ஏற்றி சுவிட்சைப் போட்டதும் திரை இருண்டே கிடந்தால், 'போர்டு போச்சு' என்று உடனே புதுசுக்கு ஆர்டர் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இந்த பிரிண்டரின் 4.2.2, 4.2.7 எண் கொண்ட பிரதானப் போர்டுகளில் இருக்கும் எஸ்டிஎம்32எஃப்103 சிப்பின் நினைவகத்தில் முதல் 28 கேபி பூட்லோடருக்கானது; சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடி, கார்டிலிருந்து ஃபர்ம்வேரை ஏற்றும் சிறு நிரல் அது. மார்லின் என்ற ஃபர்ம்வேர் அதற்கு அடுத்து, ஹெக்ஸ் 08007000 முகவரியில்தான் தொடங்கும். கார்டிலிருந்து ஏற்றும்போது பூட்லோடர் தன் இடத்தில் கைவைப்பதில்லை. பாதியில் கரண்ட் போனாலும் அழிவது மார்லின் மட்டுமே. இன்னொரு முறை ஏற்ற ஆள் உள்ளேயே இருக்கிறது. இதனால்தான் மூன்று வழிகளில் கார்டை முதலில் வைக்கிறோம்.

அதற்கும் முன்னால், செத்தது போர்டா திரையா என்று பார்க்க வேண்டும். பிரிண்டரை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, புரான்டர்ஃபேஸ் போன்ற மென்பொருளில் 115200 பாட் வேகத்தில் எம்115 கட்டளையை அனுப்புங்கள். ஃபர்ம்வேரின் பெயர் பதிலாக வந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது, கோளாறு திரைப் பக்கம். கணினியில் காம் போர்ட் தெரிந்தாலே போதும் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த போர்ட்டைக் காட்டுவது சிஎச்340 என்ற தனிச் சிப். அது யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும். பிரதான சிப் காலியாக இருந்தாலும் போர்ட் தெரியும். ஏற்றியது மார்லின் இல்லை, கிளிப்பர் என்ற வேறு ஃபர்ம்வேர் என்றால் இந்தச் சோதனை பொருந்தாது. அது எம்115-க்கு நேரடியாகப் பதில் சொல்லாது, வி2-வின் திரையும் அதில் இயல்பாகவே வேலை செய்யாது. இருண்ட திரையைப் பார்த்து அங்கே பதற ஒன்றுமில்லை.

எஸ்டி கார்டு

செலவு இல்லை, திருகு கழற்ற வேண்டியதில்லை. ஆனால் கார்டு விஷயத்தில் இந்த பூட்லோடர் போல அடம் பிடிப்பது வேறில்லை. 8 ஜிபி கார்டு உத்தமம், 32 ஜிபி-க்கு மேல் வேண்டாம். ஃபேட்32 வடிவில், அலகு அளவு 4096 பைட் என்று தேர்ந்து ஃபார்மேட் செய்யுங்கள். கார்டில் ஃபர்ம்வேரின் '.பின்' (.bin) கோப்பு ஒன்றே ஒன்று, எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் வெளியே இருக்கட்டும்.

பலர் வழுக்கி விழுவது கோப்பின் பெயரில். கடைசியாக ஏற்றிய கோப்பின் பெயரை பூட்லோடர் நினைவில் வைத்திருக்கும். அதே பெயரில் மறுபடி வந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். சரியான கோப்பை நாலு முறை போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்பவர்களுக்குப் பெயரை மாற்றுவதே மருந்து. ஒவ்வொரு முயற்சிக்கும் வேறு எண் கொடுங்கள்.

அடுத்து யூஎஸ்பி கேபிள். அதைப் பிடுங்காமல் சுவிட்சை அணைத்தால் போர்டு அணையாது, கேபிள் வழியே வரும் 5 வோல்ட்டில் சிப் விழித்தே இருக்கும். கேபிளைப் பிடுங்கி, பிரிண்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டு, கார்டைச் செருகி, பிறகு சுவிட்சைப் போடுங்கள். ஏற்ற 10–15 விநாடி ஆகும். அதுவரை திரை இருண்டிருப்பது இயல்பு. ஒரு நிமிடம் வரை தொடாமல் விடுவது நல்லது.

இதற்கும் மசியவில்லை என்றால் கோப்பே தவறாக இருக்கலாம். போர்டு எண் மட்டும் பொருந்தினால் போதாது. அடிமூடியைத் திறந்து பிரதான சிப்பின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஆர்இடி6 என்று முடிந்தால் 512 கேபி, ஆர்சிடி6 என்றால் 256 கேபி. 256-இல் பூட்லோடரின் 28 போக மிச்சம் 228 கேபிதான். பெரிய சிப்புக்காகத் தொகுத்த பருத்த கோப்பு அதில் அடங்காது. சந்தேகம் இருந்தால் உற்பத்தியாளர் தரும் பழைய, எளிய பதிப்பை ஏற்றி பிரிண்டரை எழுப்பிவிட்டு, ஆசைப்பட்டதைப் பிறகு பார்க்கலாம்.

எம்115-க்குப் பதில் வந்தும் திரை மட்டும் சிதறியோ லோகோவிலேயே உறைந்தோ நின்றால், திரைக்கெனத் தனியாக ஒரு கோப்புத் தொகுதி உண்டு: டிவின்_செட் என்ற ஃபோல்டர். இதை பிரிண்டரின் கார்டு துளையில் போட்டுப் பயனில்லை. திரையின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே இன்னொரு கார்டு துளை இருக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டு அங்கே செருக வேண்டும். சுவிட்சைப் போட்டதும் திரை நீலமாகி, முடிந்ததும் ஆரஞ்சு நிறமாகும். கார்டின் வடிவம் இங்கேயும் ஃபேட்32, 4096 பைட்.

எஸ்டி-லிங்க்

இது கணினியிலிருந்து சிப்பில் நேரடியாக எழுதும் சிறு கருவி. பூட்லோடரே அழிந்துபோனால்தான் இதற்கு வேலை. கார்டிலிருந்து ஏற்றியவருக்கு அது நேர்வது அபூர்வம். முன்பே எஸ்டி-லிங்க் வைத்து எழுதப் போய், மார்லினை 08007000-க்குப் பதில் 08000000-இல் இறக்கியவருக்கே பெரும்பாலும் நேரும்.

மலிவு நகல் எஸ்டி-லிங்க் வி2 சில நூறு ரூபாயில் கிடைக்கும். தேவை நான்கு கம்பி: 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்டபிள்யூடிஐஓ (தரவு), எஸ்டபிள்யூசிஎல்கே (கடிகாரத் துடிப்பு). போர்டில் இந்தப் பெயர் அச்சிட்ட துளைகளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 64 கால் சிப்பில் 46-வது கால் எஸ்டபிள்யூடிஐஓ, 49-வது எஸ்டபிள்யூசிஎல்கே, 7-வது ரீசெட். கால்களுக்கிடையே அரை மில்லிமீட்டர்தான். கைநடுக்கம் உள்ளவருக்கும் தடித்த சால்டரிங் முனைக்கும் அது இடமல்ல. 3.3 வோல்ட் கம்பியைப் போட்டால் 24 வோல்ட் சப்ளையை இணைக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மின்சாரம்.

எழுத உதவும் மென்பொருளான எஸ்டிஎம்32கியூப்புரோகிராமரில் இணைப்பு கிடைக்காவிட்டால் 'ரீசெட்டில் வைத்து இணை' என்ற முறையைத் தேர்ந்து ரீசெட் கம்பியையும் போடுங்கள். சில ஃபர்ம்வேர்கள் அந்த இரு கால்களையும் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வதால் இந்தச் சிக்கல். சிப்புக்கு வாசிப்புப் பூட்டு இருந்தால் அதை நீக்கும் நொடியிலேயே நினைவகம் முழுவதும் துடைக்கப்படும். உங்கள் போர்டுக்கான பூட்லோடர் கோப்பு கையில் இல்லாமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். பிறகு பூட்லோடரை 08000000-இல் எழுதி, மார்லினைப் பழையபடி கார்டிலிருந்தே ஏற்றுவது பாதுகாப்பு.

புதுப் போர்டு

சில ஆயிரம் ரூபாய் போகும். சிப் தொட்டால் சுடுகிறது, 24 வோல்ட் வந்தும் போர்டில் 5 வோல்ட் இல்லை என்றால் இதுதான் வழி. அந்த நிலைக்கு ஃபர்ம்வேர் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. மூடியைத் திறந்தபோது நசுங்கிய வயரையோ ஷார்ட்டையோ தேடுங்கள். இல்லாவிட்டால் புதுப் போர்டும் அதே வழியில் போகும்.

4.2.2 போன இடத்தில் 4.2.7 போடுவது சுலபம். கனெக்டர்களும் திருகுத் துளைகளும் பொருந்தும். பிக்ட்ரீடெக்கின் எஸ்கேஆர் மினி இ3 வி3 இன்னும் நல்ல போர்டு. மோட்டார்களை ஓட்டும் டிஎம்சி2209 டிரைவர் சிப்களை மென்பொருளிலிருந்தே கட்டுப்படுத்தலாம், கோப்புக்கு 'ஃபர்ம்வேர்.பின்' என்று பெயர் வைத்தால் ஏற்றி முடித்ததும் அதுவே பெயரை மாற்றிவிடும், ஏறியதா இல்லையா என்ற ஊகத்துக்கே இடமில்லை. ஆனால் வி2-வின் வண்ணத்திரை அதில் அப்படியே செருகி ஓடாது. கேபிளில் கம்பிகளின் வரிசையை மாற்றி, அதற்கேற்ப மார்லினையும் தொகுக்க வேண்டும். பிரிண்டர் நாளைக்கே ஓட வேண்டும் என்றால் 4.2.7-ஐ எடுங்கள். எந்தப் போர்டானாலும் 24 வோல்ட் முனைகளில் பிளஸ் மைனஸை மல்டிமீட்டரில் பார்த்து இணைப்பதும், வயர் முனைக்கு ஈயம் பூசாமல் ஃபெரூல் (வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் சிறு உலோகக் குழாய்) போடுவதும் அவசியம். ஈயம் பூசிய முனை நாளடைவில் தளர்ந்து சூடேறும்.

பழைய போர்டே திரும்ப உயிர்பெற்றால், பழைய பதிப்பின் அமைப்புகள் நினைவகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவை புதிய மார்லினோடு ஒத்துப்போகாமல் விசித்திரமான பிழைகளைக் கிளப்பக்கூடும். இயல்பு அமைப்புகளைக் கொண்டுவரும் எம்502 கட்டளை கொடுத்து, அவற்றைச் சேமிக்க உடனே எம்500 கொடுங்கள். இசட் ஆஃப்செட் (நாசிலின் உயரத்துக்கான திருத்த அளவு) அதோடு அழிந்துவிடும். மறுபடி சரிபார்க்காமல் முதல் அச்சை விட்டால் நாசில் தட்டைக் கீறும்.