சிமென்ட் இல்லாத இடுப்பு மூட்டு: பத்து வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

இடது இடுப்பு மூட்டை மாற்றிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, நாற்பதுகளிலேயே அது நொறுங்கிப்போனது. ஏ.வி.என். என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள். வயது குறைவு, மற்றபடி எலும்பு உறுதி என்பதால் சிமென்ட், அதாவது மூட்டை எலும்போடு பிடித்து வைக்கும் பசை, வைக்காத மூட்டைப் போடலாம் என்றார் டாக்டர். தொடை எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் கலவைத் தண்டு, இடுப்பெலும்பில் உட்காரும், வெளிப்புறம் நுண்துளைகள் கொண்ட கிண்ணம், அதன் உள்ளே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் லைனர், தண்டின் தலையில் செராமிக் பந்து.

ஆபரேஷனுக்கு முன் மாதிரித் தண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கீழ்ப்பாதி வழவழப்பு. மேல்பாதி மங்கிய வெள்ளை, விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அந்த வெள்ளைதான் ஹைட்ராக்சிஅபடைட். நம் எலும்பில் இருக்கும் அதே கால்சியம் பாஸ்பேட் தாதுவைப் பிளாஸ்மா சுடரில் உருக்கி, உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகத் தெளித்துவிடுகிறார்கள். 1960களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி சிமென்ட் வைத்து இடுப்பு மூட்டைப் பரவலாக்கினார். இந்தப் பூச்சு போட்ட தண்டை 1985இல் லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் பொருத்தினார். கிண்ணத்தின் துளைகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. சுமார் 100 முதல் 400 மைக்ரான் வரை (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) இருந்தால்தான் ரத்தக் குழாயோடு சேர்ந்து எலும்பு உள்ளே வளர இடம் கிடைக்கும்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்ததால் சுத்தியல் அடி முழுவதும் காதில் விழுந்தது. முதலில் மந்தமாகக் கேட்ட சத்தம், தண்டு இறுகி உட்கார்ந்ததும் கணீரென்று மாறியது. அந்த இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தண்டு 150 மைக்ரானுக்கு மேல் அசைந்துகொண்டே இருந்தால் எலும்பு ஒட்டாது, நடுவில் நார்த்திசுதான் வளரும். எவ்வளவு நல்ல பூச்சானாலும் இதில் ஒன்றும் செய்ய முடியாது. வாக்கரைத் தூக்கிப் போடச் சொல்லி வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் உற்சாகப்படுத்தியபோதும் நான் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது அதனால்தான்.

எனக்கு இருக்கும் ஒரே கோபம் தொடை வலி பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது. முதல் வருடம் முழுக்க, உட்கார்ந்து எழுந்ததும் வைக்கிற முதல் நாலைந்து அடிக்குத் தொடையின் நடுவில் சுருக்கென்று ஒரு வலி. தண்டு கழன்றுவிட்டதோ என்று பயந்துபோய் ஓடினேன். டைட்டானியக் கலவை எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பானது. நடக்கும்போது எலும்பு கொஞ்சம் வளையும், தண்டு வளையாது, அழுத்தம் நுனியில் போய்ச் சேரும் என்று அப்போதுதான் விளக்கினார்கள். சரி, இதை முன்னாடியே சொல்லியிருந்தால் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பேன்! வலி தானாகக் குறைந்து போய்விட்டது. அடுத்த எக்ஸ்ரேயில் தண்டு கழன்றிருந்தால் தெரியும் கருப்புக் கோடு எதுவும் அதற்கும் எலும்புக்கும் நடுவே இல்லை என்று பேனா முனையால் காட்டினார் டாக்டர். பூச்சு முடியும் இடத்தில் எலும்பு கெட்டியாகி ஒட்டியிருந்தது. மேலே மட்டும், பாரத்தைத் தண்டே வாங்கிக்கொள்வதால், எலும்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது. அது இந்த விறைப்புக்கு நாம் கொடுக்கும் விலை.

இப்போது படி ஏறுகிறேன், ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன். சம்மணம் போடுவதில்லை, குந்துவதில்லை. வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத சொந்தக்காரர் வீட்டில் ராத்தங்கல் கிடையாது. டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது பிரச்சினை வரவில்லை, முன்கூட்டிச் சொன்னால் போதும்.

என்ன கம்பெனி, என்ன பூச்சு என்று விசாரிப்பவர்கள் நிறைய. பூச்சின் வேலை முதல் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பிடித்து வைத்திருப்பது நம் எலும்புதான். இன்று நான் கவலைப்படுவது லைனரைப் பற்றி, தேய்வது அதுதான். என்றாவது தண்டையே எடுக்க வேண்டி வந்தால் நன்றாக ஒட்டியதே தொல்லையாகிவிடும், எலும்பை அறுத்துத் திறக்க வேண்டியிருக்கும். எழுபது எண்பது வயதில் எலும்பு மெலிந்த அம்மா அப்பாவுக்குக் கேட்கிறீர்கள் என்றால், சிமென்ட் என்றதும் பழைய சரக்கு என்று முகம் சுளிக்காதீர்கள். மெல்லிய எலும்பில் தண்டை அடித்து இறக்கும்போது விரிசல் விழும் அபாயம் உண்டு.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டித் தரும் ஸ்டிக்கர்களைத் தொலைத்துவிடாதீர்கள். லைனரையோ பந்தையோ மாற்றும் நாள் வந்தால், எந்த மாடல், என்ன அளவு என்று தெரியாமல் பொருத்தமானதைத் தேடுவது பெரும்பாடு. நான் போட்டோ எடுத்துத் தம்பிக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.