கரண்ட் போன இரவும் என் உபுண்டுவும்
திருகோணமலை உவர்மலை வீட்டிலுள்ள பழைய டெஸ்க்டொப்பில் 2021 கடைசியில் உபுண்டு 21.10 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கணினியைத் தாங்கும் யூபிஎஸ் கிடையாது. அடுத்த மார்ச் முடிவில் மின்வெட்டு 13 மணி நேரத்துக்கு நீண்டபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

அப்டேட் ஓடிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனது. திரும்பி வந்தபின் எதை நிறுவப் போனாலும் ஒரே வசனம்தான்: டிபிகேஜி (உபுண்டுவில் மென்பொருள் பொதிகளை நிறுவும் நிரல்) இடையில் நின்றுவிட்டது, நீங்களே கட்டளை கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். பக்கத்தில் நின்ற மருமகன், "மாமா, வைரஸ் அடிச்சிட்டுதோ?" என்றான். முழுதாக அழித்துவிட்டு மறுபடி போடலாம் என்று பென்டிரைவைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் அந்த வசனத்தைக் கடைசி வரை படித்தேன். மருந்தும் அதிலேயே இருந்தது: 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. பிரித்துப் போட்டு அரைகுறையாகக் கிடக்கும் பொதிகளை அது ஒவ்வொன்றாக அமைத்து முடிக்கும். ஒன்றிரண்டு பொதிகள் தமக்குத் தேவையான வேறு பொதிகள் (சார்பு) கிடைக்காமல் அடம்பிடித்தன. 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' அவற்றையும் வழிக்குக் கொண்டுவந்தது.

'பூட்டு கிடைக்கவில்லை' என்ற பிழை வேறு கதை. ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் பொதிகளில் கைவைக்காமல் தடுப்பதுதான் அந்தப் பூட்டு. பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நானும் ஒருமுறை அழித்தேன், நல்ல காலம் தப்பித்தேன். கணினியைப் போட்டவுடன் பாதுகாப்பு அப்டேட் பின்னணியில் தானாக ஓடும். பூட்டு அதன் கையில் இருக்கும். அழித்தால் இரண்டு பேர் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதின மாதிரி ஆகிவிடும். இப்போது ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன், பூட்டு திறந்திருக்கும்.

ஜூலை 2022 போனபின், அப்டேட் இறக்கும் எல்லா முகவரியும் 404 ('கிடைக்கவில்லை') காட்டத் தொடங்கியது. பிழை என்னுடையது. 21.10க்கு ஒன்பது மாத ஆதரவுதான். காலம் முடிந்தால் பொதிகளைப் பழைய வெளியீடுகளுக்கான சேவையகத்துக்கு மாற்றிவிடுவார்கள். சரி என்று ஐந்து வருட ஆதரவுள்ள 22.04க்குப் போனேன். வீட்டுப் பாவனைக்கு முதலிலேயே அதுபோன்ற எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு வெளியீடு) ஒன்றைப் போட்டிருக்க வேண்டும்.

கடைசியாக வந்ததுதான் வேடிக்கை: 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை'. சேவையகத்திலுள்ள பொதிகளுக்கான திகதியிட்ட விவரக் கோப்பு அது. மதர்போர்ட் பட்டரி செத்து, கடிகாரம் பின்னால் போயிருந்ததால், கோப்பின் திகதி இன்னும் வராத நாளாகத் தெரிந்தது. இணையம் வந்தால் நேரம் தானாகத் திருந்திவிடும். போன் டேட்டாவை இணைத்த கையோடு நான் அப்டேட்டைத் தட்டியதால் வந்த வினை. சிஆர்2032 பட்டரி ஒன்று வாங்கி மாற்றினேன். பிறகு அந்தப் பிழை வரவில்லை. யூபிஎஸ்தான் இன்னும் வாங்கவில்லை.