அப்பீல் போட்டாச்சு என்று சொன்னால் முதலில் கேஸ் நம்பரைக் கேளுங்கள்

கஞ்சா கேஸில் தண்டனை வாங்கிய பிள்ளைகளின் குடும்பங்களுக்காக மதுரையிலிருந்து எழுதுகிறேன். தீர்ப்பு வந்த அன்றே கோர்ட் வளாகத்தில் உங்களைத் தேடி ஓர் ஆள் வரலாம். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஃபைல், பேச்சில் அப்படியொரு பரிவு. வக்கீலும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை.

என் அக்கா மகன் டிரைவர். காரில் பிடிபட்டது 20 கிலோவுக்கு மேல். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குற்றம் உறுதியானால் 10 வருஷத்துக்குக் குறைத்துக் கொடுக்க நீதிபதிக்கே வழியில்லை. 10 வருஷம், 1 லட்சம் அபராதம் என்று தீர்ப்பானது. "அழாதீங்கம்மா, ஒத்தக்கடை ஹைகோர்ட்ல நம்ம சீனியர் இருக்காரு, ஆறு மாசத்துல பையனை வெளிய எடுத்துரலாம்" என்றான் அந்த ஆள். அக்காவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது.

பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். முத்திரை, தேதி, ஒரு எண். "ஃபைல் ஆயிருச்சு". அதற்கப்புறம் கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம்: லிஸ்ட்டில் வரவில்லை, ஜட்ஜ் மாறிவிட்டார், கோடை விடுமுறை. நடுவில், "மேல கொஞ்சம் கவனிக்கணும்" என்று இன்னொரு தொகை வேறு.

அந்த முத்திரை பொய்யில்லை. சாமர்த்தியமே அங்கேதான். அது எஸ்.ஆர். எண். தாளை வாங்கிக்கொண்டார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. தாளில் குறை இருந்தால் திருப்பிவிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால்தான் குற்றவியல் மேல்முறையீடு என்று வருஷத்தோடு வழக்கு எண் விழும். அந்த எண்ணை நீதிமன்ற இணையதளத்தில் போட்டால் வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். எங்கள் தாள் குறையோடு திரும்பியது. சரிசெய்து மறுபடி கொடுக்க யாரும் போகவேயில்லை.

குட்டு உடைந்தது ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போன அன்று. "என்கிட்ட யாரும் கையெழுத்தே வாங்கலையே மாமா" என்றான் பையன். உள்ளே இருப்பவருக்காக வக்காலத்து, அதாவது வக்கீலுக்கு வாதாட அதிகாரம் கொடுக்கும் தாள், போட வேண்டுமென்றால் அவர் கையெழுத்தும், அதற்குச் சிறை அதிகாரியின் சான்றும் வேண்டும். ஆக, உங்கள் ஆளை மனு பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

ஆறு மாசக் கணக்கும் பித்தலாட்டம்தான். அப்பீல் போட்டதும் தண்டனை தானாக நிற்காது. நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். வணிக அளவு வழக்கில் போதைப்பொருள் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) 37-வது பிரிவு குறுக்கே நிற்கும்: இவர் குற்றம் செய்திருக்க மாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும். இதற்குத் தேதி குறித்து வாக்குக் கொடுக்க எந்த நல்ல வக்கீலாலும் முடியாது. நல்லவர் வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் தீர்ப்பு நகலையும் சாட்சிகளின் வாக்குமூலத்தையும் கேட்பார். போலீஸார் தங்களுக்குக் கிடைத்த தகவலை எழுதி வைத்தார்களா, பிடிபட்ட கஞ்சாவிலிருந்து மாதிரி எடுத்தது மாஜிஸ்திரேட் முன்னிலையிலா என்று துருவுவார். இந்த ஆள் தீர்ப்பு நகலைக்கூடக் கேட்கவில்லை.

காசே இல்லாமல் வழி இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். தண்டனை பெற்றவர் சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே அப்பீல் அனுப்பலாம். தீர்ப்பு நகல் ஒன்று அவருக்கு இலவசம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத் தரும். 15100-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஹைகோர்ட்டுக்கு அப்பீல் கெடு 60 நாள். தாண்டிவிட்டால், தகுந்த காரணத்தைக் காட்டித் தாமதத்தை மன்னிக்கும்படி மனு போடலாம்.

எங்களுக்கும் இப்போது இலவச வக்கீல்தான். தாமத மனு ஏற்கப்பட்டு வழக்கு எண் விழுந்துவிட்டது. அந்த ஆள் மீது போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். ஜிபேயில் போன பணத்துக்கு ரசீது இருக்கிறது. அக்கா கையில் எண்ணிக் கொடுத்த ரொக்கத்தைப் பற்றிக் கேட்டால், "எந்தப் பணம்?" என்கிறான்.